தடங்கலுக்கு வருந்துகிறோம்

(நவம்பர் இரண்டாம் ஞாயிறு மாலை, நமது கிளப் ஹவுஸில் நடந்த பொங்கல் விழா நேரலைக்கான மாணவர் குழு தொடக்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். வர முடியாதவர்கள் கேட்டுக்கொண்டதால் இங்கே தரப்படுகிறது.)



நேரலை பற்றிப் பேச இவருக்கு என்ன தெரியும் என்று சிலர் நினைக்கலாம். நியாயமான கேள்விதான். நான் பி.காம். படித்து, வங்கியில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவன். கேமராவுக்கும் எனக்கும் பெரிய சம்பந்தம் கிடையாது. ஆனால் போன பொங்கலன்று நம் நேரலையில் நடந்த தவறில் எனக்குப் பங்கு உண்டு. அதைச் சரிசெய்ய வேண்டும் என்றுதான் ஆறு மாதமாகத் தெரிந்தவர்களிடம் கேட்டும், வீட்டில் ஒரு பழைய லேப்டாப்பில் செய்து பார்த்தும் கொஞ்சம் கற்றுக்கொண்டேன். அதை உங்களிடம் ஒப்படைக்க வந்திருக்கிறேன்.

போன முறை என்ன நடந்தது என்பது எல்லோருக்கும் தெரியும். விழா தொடங்கிப் பத்து நிமிடத்தில் நேரலையில் சத்தம் போய்விட்டது. இருபத்திரண்டு நிமிடம் ஊமைப்படம். அரங்கில் இருந்த நமக்குத் தெரியவில்லை, ஏனென்றால் ஸ்பீக்கரில் நன்றாகக் கேட்டது. வீட்டிலும் வெளிநாட்டிலும் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது. நம் வாட்ஸ்அப் குரூப்பில், ‘சத்தமே வரவில்லை, இதை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? பொறுப்பே கிடையாதா?’ என்று முதலில் எழுதியவன் நான். மூட்டுவலி என்று அன்று கீழே இறங்காமல் வீட்டில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் பதினான்கு பேர் எழுதினார்கள். சிலர் அந்தப் பெண்ணின் பெயரையும் எழுதினார்கள்.

ஒன்பதாம் வகுப்புப் பெண். அதன் பிறகு அவள் சுதந்திர தினத்துக்கும் வரவில்லை, நவராத்திரிக்கும் வரவில்லை. நான் அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டது மார்ச் மாதம்தான். இரண்டு மாதம் தாமதம். அவள் கோபப்படவில்லை. ‘அங்கிள், அப்போ நான் மேடைக்குப் பின்னாடி மைக்குக்கு பேட்டரி மாத்திட்டு இருந்தேன். லேப்டாப் பக்கத்துல யாருமே இல்ல. மிக்சர்லேர்ந்து வர்ற ஒயரை யாரோ கால்ல இடிச்சிட்டாங்க போல’ என்றாள். வேறு ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். அன்று அந்தப் பெண்ணிடம் இருந்த வேலைகள்: லேப்டாப், இரண்டு கேமரா, மைக், தலைப்பு அட்டை, அடுத்த நிகழ்ச்சிக்கு ஆளைக் கூப்பிடுவது, யூடியூப் பார்ப்பது. ஏழு வேலை, ஒரு ஆள். வங்கியில் ஒரு வவுச்சரை ஒருவர் எழுதுவார், இன்னொருவர் பாஸ் செய்வார். ஸ்ட்ராங் ரூமுக்கு இரண்டு சாவி, இரண்டு பேர் கையில். எழுதியவரே பாஸ் செய்யவும் கூடாது, ஒருவரிடமே இரண்டு சாவியும் இருக்கவும் கூடாது. ஆளை நம்பாததால் அல்ல, மனிதன் என்றால் தவறுவான் என்பதால்தான். இது தெரிந்த நானே, நம் பிள்ளை ஒருத்தி ஏழு நாற்காலியில் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவில்லை. தவறு அவளுடையது அல்ல. ஆள் போடாத நம்முடையது.

சரி, இந்த முறைக்கு வருவோம். முதலில், இது யாருக்காக என்று முடிவு செய்துகொள்ளுங்கள். அரங்கில் இருப்பவர்களுக்கு நேரலை வேண்டாம். பி பிளாக்கில் படுக்கையில் இருக்கும் பாட்டிக்கு வேண்டும். அவர் கொள்ளுப்பேத்தி இந்த முறை ஆடுகிறாள். சிங்கப்பூரிலும் துபாயிலும் இருக்கும் அத்தை, மாமாக்களுக்கு வேண்டும். இவர்கள் பெரும்பாலும் கைப்பேசியில் பார்ப்பார்கள். படம் கொஞ்சம் மங்கலாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள். சத்தம் இல்லையென்றால் அணைத்துவிடுவார்கள். ஆகவே பணமும் ஆளும் முதலில் சத்தத்துக்கு, பிறகுதான் படத்துக்கு.

இப்போது நாற்காலிகள். மொத்தம் பத்துப் பேர். ஒருவருக்கு ஒரு வேலைதான்.

இயக்குநர் ஒருவர். அவர் எந்தப் பொத்தானையும் தொடக்கூடாது. படத்தைப் பார்ப்பது, அடுத்தது என்ன என்று சொல்வது, இவ்வளவுதான் அவர் வேலை. ஸ்விட்சிங் செய்பவர் ஒருவர், லேப்டாப் இவரிடம். கேமராவுக்கு இருவர். மூன்றாவது கேமரா ஸ்டாண்டில் முழு மேடையையும் பார்த்தபடி நிற்கும், அதற்கு ஆள் வேண்டாம். எது தவறினாலும் அந்தப் படத்துக்குப் போய்விடலாம். சவுண்டுக்கு ஒருவர், காதில் ஹெட்ஃபோனோடு. தலைப்பு அட்டைகளுக்கு ஒருவர். மேடைப் பொறுப்பாளர் ஒருவர். அடுத்து ஆட வேண்டியவர்களைத் தயாராக நிறுத்தி, மைக்கைக் கையில் கொடுத்து அனுப்புவது இவர். ஓடியாட இருவர், பேட்டரி, ஒயர், தண்ணீர் எல்லாம் இவர்கள். பத்தாவது ஆளைப் பற்றிக் கடைசியில் சொல்கிறேன்.

ஒவ்வொரு நாற்காலிக்கும் ஒரு மாற்று ஆளின் பெயரும் எழுதிவைக்க வேண்டும். ஜனவரியில் சளி, காய்ச்சல் வராத வீடு கிடையாது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகளை நாங்கள் கூப்பிடவில்லை. அவர்களுக்குத் தேர்வு நெருங்குகிறது. விழாவைப் பார்க்க வரட்டும், அது போதும்.

இயக்குநர் பேசும் முறையையும் பழக வேண்டும். முதலில் எண், பிறகு ‘தயார்’, அப்புறம்தான் ‘போ’. ‘கேமரா இரண்டு, தயார்.’ இரண்டாவது கேமராக்காரர் அசையாமல் படத்தைப் பிடித்துக்கொள்வார். ‘இரண்டு, போ.’ ஸ்விட்சிங் செய்பவர் மாற்றுவார். ‘டேய், அந்தப் பக்கம் காட்டுடா’ என்று கத்தினால் மூன்று பேரும் திரும்புவார்கள். பேசிக்கொள்ளத் தனிக் கருவி வாங்க வேண்டியதில்லை. கைப்பேசியில் ஒரு கான்ஃபரன்ஸ் கால் போட்டு, ஒரு காதில் இயர்ஃபோன் வைத்துக்கொண்டால் போதும். இயக்குநரைத் தவிர மற்றவர்கள் மியூட்டில் இருக்க வேண்டும். அவசரம் என்றால் மட்டும் பேச வேண்டும்.

அடுத்தது தாள். நிகழ்ச்சி நிரல் என்று நாம் ஒட்டுவது பார்ப்பவர்களுக்கானது. குழுவுக்கு வேறு தாள் வேண்டும். வங்கியின் டே புக் மாதிரி கோடு போடுங்கள்: தொடங்கும் நேரம், நிகழ்ச்சி, எத்தனை நிமிடம், எத்தனை பேர், எந்த மைக், பாட்டு எங்கிருந்து வருகிறது, முதல் படம் எந்த கேமரா. போன முறை பதினான்கு நிகழ்ச்சி, ஒவ்வொன்றும் நான்கு நிமிடம், ஆக 56 நிமிடம், ஒரு மணி நேரத்தில் முடியும் என்று எழுதியிருந்தோம். ஒன்று முடிந்து அடுத்தது தொடங்க இரண்டு நிமிடம் ஆகிறது. பதினான்கு நிகழ்ச்சிக்கு நடுவே பதின்மூன்று இடைவெளி, அதாவது 26 நிமிடம். மொத்தம் 82. அந்த 26 நிமிடத்தை யாரும் கணக்கில் எடுக்கவில்லை. பார்ப்பவர்கள் அந்த நேரம் முழுக்கத் திரையில் காலி மேடையைப் பார்த்தார்கள். இந்த முறை ஒவ்வொரு இடைவெளியிலும் என்ன வரும் என்று தாளில் இருக்க வேண்டும். தொகுப்பாளர் பேச்சா, தலைப்பு அட்டையா, கோலப் போட்டிப் படங்களா என்று முன்பே முடிவு செய்யுங்கள்.

இனி கருவிகள். மென்பொருள் ஓபிஎஸ் ஸ்டுடியோ. 2012-இல் வெளிவந்தது, இலவசம். இரண்டு கேமராவுக்கு நம் கைப்பேசிகளே போதும். மூன்றாவதுக்கு டி பிளாக் நண்பர் தன் ஹேண்டிகேமைத் தருகிறார். அதை லேப்டாப்பில் இணைக்க ஒரு கேப்சர் கார்டு வேண்டும். மிக்சரிலிருந்து வரும் சத்தத்தை லேப்டாப்பின் மைக் துளையில் நேராகச் செருகினால் கரகரவென்று வரும், ஏனென்றால் அந்தத் துளை மைக்கின் மெல்லிய சிக்னலுக்காகச் செய்தது. நடுவில் ஒரு யுஎஸ்பி ஆடியோ இன்டர்ஃபேஸ் வைக்க வேண்டும். ஒயர்கள் எல்லாம் தரையோடு டேப் போட்டு ஒட்டியிருக்க வேண்டும். போன முறை இருபத்திரண்டு நிமிடத்தைத் தின்றது கால் இடறிய ஒரு ஒயர்தான்.

ஓபிஎஸ்ஸில் ஒளிபரப்பும் பொத்தான் வேறு, பதிவுசெய்யும் பொத்தான் வேறு. இரண்டையும் அழுத்த வேண்டும். இணையம் போனாலும் லேப்டாப்பில் முழு விழாவும் இருக்கும், மறுநாள் ஏற்றிவிடலாம். சவுண்டில் இருப்பவர் தனியாக ஒரு கைப்பேசியிலும் ஒலியைப் பதிவுசெய்து வைக்கட்டும். கணக்குக்கு நகல் எப்போதும் நல்லது.

இணையத்தில் கொஞ்சம் கூட்டல், பெருக்கல் இருக்கிறது. இதில் யாராவது எட்டாம் வகுப்புக்காரர் என்னைச் சரிபார்க்கலாம். ஹெச்டி என்று சொல்லும் 720பி படத்துக்கு நொடிக்குச் சுமார் 4 மெகாபிட் மேலே போக வேண்டும். எட்டு பிட் ஒரு பைட். ஆக நொடிக்கு அரை மெகாபைட். ஒரு மணி நேரத்துக்கு 3,600 நொடி, 1,800 மெகாபைட், அதாவது 1.8 ஜிபி. நம் 82 நிமிடத்துக்குச் சுமார் 2.5 ஜிபி. இதிலிருந்து இரண்டு விஷயம் தெரிகிறது. ஒன்று, இன்டர்நெட் பில்லில் பெரிதாகப் போட்டிருக்கும் டவுன்லோடு வேகத்தைப் பார்க்கக்கூடாது, அப்லோடு வேகத்தைப் பார்க்க வேண்டும். தேவைக்கு இரண்டு மடங்காவது இருக்க வேண்டும். கிளப் ஹவுஸில் காலி நேரத்தில் அப்லோடு 11 வந்தது. நவராத்திரியன்று எல்லோரும் வைஃபையில் இருந்தபோது 3-க்கு இறங்கியது. ஆகவே லேப்டாப்புக்கு லேன் கேபிள், விழா முடியும்வரை மற்றவர்களுக்கு வைஃபை பாஸ்வேர்டு கிடையாது. யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இரண்டு, மாற்று ஏற்பாடாக ஒரு கைப்பேசி ஹாட்ஸ்பாட் வைக்கிறோம் என்றால், தினம் 1.5 ஜிபி தரும் ரீசார்ஜ் 50 நிமிடத்தில் தீர்ந்துவிடும். அன்று பெரிய டேட்டா உள்ள கைப்பேசி வேண்டும்.

மின்சாரம் போனால் நம் ஜெனரேட்டர் எடுக்கப் பத்து நொடி. அந்தப் பத்து நொடியில் ரவுட்டர் அணைந்தால், திரும்ப இணைப்பு வர இரண்டு மூன்று நிமிடம் ஆகிறது. ஆகவே ரவுட்டரும் மிக்சரும் யுபிஎஸ்ஸில் இருக்க வேண்டும்.

பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். யூடியூப் 2025 ஜூலை முதல் நேரலைக்கான குறைந்தபட்ச வயதை 16 ஆக்கியிருக்கிறது. ஆகவே சேனல் சங்கத்தின் பெயரில், பெரியவர் ஒருவர் பொறுப்பில் இருக்கும். புதிய சேனலில் நேரலை அனுமதி கிடைக்க 24 மணி நேரம் வரை ஆகலாம் என்பதால், அதை டிசம்பரிலேயே முடித்துவிடுவோம். ஸ்ட்ரீம் கீ என்று ஒன்று உண்டு. அது ஏடிஎம் பின் நம்பர் மாதிரி. அது கையில் கிடைத்தால் யார் வேண்டுமானாலும் நம் சேனலில் எதையும் ஓட்டலாம். அது இருக்கும் திரையைப் படம் எடுத்து அனுப்ப வேண்டாம்.

நேரலை ‘அன்லிஸ்டட்’ ஆக இருக்கும். தேடினால் கிடைக்காது, லிங்க் உள்ளவர்கள் மட்டும் பார்க்கலாம். ஆனால் லிங்க்கை யாரும் யாருக்கும் அனுப்ப முடியும் என்பதை மறக்க வேண்டாம். ஆகவே மேடையேறும் ஒவ்வொரு பிள்ளைக்கும் பெற்றோர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள் வேண்டும். 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் 18 வயது நிரம்பாதவர் விஷயத்தில் பெற்றோர் ஒப்புதலைத்தான் கேட்கிறது. வேண்டாம் என்று சொல்லும் பெற்றோரிடம் காரணம் கேட்கக் கூடாது. அந்த நிகழ்ச்சியின்போது தலைப்பு அட்டை போடப்படும், பிள்ளை வழக்கம்போல மேடையில் ஆடும். திரையில் வீட்டு எண், பள்ளிப் பெயர் எதுவும் வராது.

திரைப்பாட்டுக்கு ஆடுவது பற்றி ஒரு கோரிக்கை. உரிமையுள்ள பாட்டு ஓடினால் யூடியூப் தானாகவே அடையாளம் கண்டுகொள்ளும். நேரலை நிற்கலாம், பதிவு சில நாடுகளில் திறக்காமல் போகலாம். ஆகவே பிள்ளைகள் தாங்களே பாடுவது, பறை, கும்மி, நாடகம், பேச்சு எல்லாம் முதலில் வரட்டும். திரைப்பாட்டு நடனங்கள் கடைசியில், நேரலை முடிந்த பிறகு, அரங்கில் இருப்பவர்களுக்காக. பி பிளாக் பாட்டியின் கொள்ளுப்பேத்தி ஆடுவது கும்மி என்பதை விசாரித்துவிட்டேன்.

ஒத்திகை மூன்று முறை. முதலாவது மேசையைச் சுற்றி உட்கார்ந்து தாளை மட்டும் வைத்து. இரண்டாவது கருவிகளோடு, ஆட்டம் பாட்டம் இல்லாமல். மூன்றாவது முழு ஒத்திகை, விழா நடக்கும் அதே மாலை நேரத்தில். ஏனென்றால் மேற்கு ஜன்னல் வழியாக ஐந்தரை மணி வெயில் மேடைக்குப் பின்னால் விழுந்தால், முகங்கள் இருட்டாகிவிடுகின்றன. ஒவ்வொரு ஒத்திகையிலும் கேமரா முன் ஒருவர் கை தட்டட்டும். தட்டுவதும் சத்தமும் ஒன்றாக வருகிறதா என்று பாருங்கள். இரண்டாவது ஒத்திகையில் நான் சொல்லாமல் வந்து ஏதாவது ஒரு ஒயரைப் பிடுங்குவேன். என்ன செய்கிறீர்கள் என்று பார்ப்பேன்.

அப்போது செய்ய வேண்டியது ஒரு அட்டையில் எழுதி எல்லோர் மேசையிலும் ஒட்டியிருக்கும். எங்கள் வயதுக்காரர்களுக்கு நினைவிருக்கும். சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கியது. நிகழ்ச்சி நின்றால் ‘தடங்கலுக்கு வருந்துகிறோம்’ என்று ஒரு அட்டை வரும். நாங்கள் சிரிப்போம், திட்டுவோம், ஆனால் டி.வி.யை அணைக்க மாட்டோம். கோளாறு என்று அவர்களுக்குத் தெரிந்திருக்கிறது, சரிசெய்கிறார்கள் என்ற நம்பிக்கை. போன முறை நம்மிடம் அந்த அட்டை இல்லை. இந்த முறை தலைப்பு அட்டைக்காரரிடம் முதல் அட்டையே அதுதான். சத்தம் போனால் இயக்குநர் ‘அட்டை, போ’ என்பார். சவுண்டுக்காரர் மூன்றைப் பார்ப்பார்: மிக்சரில் மியூட், நடுவில் ஒயர், ஓபிஎஸ்ஸில் மீட்டர். மேடைப் பொறுப்பாளர் தொகுப்பாளரைப் பேசவிட்டு நிகழ்ச்சியை நிறுத்திவைப்பார். யாரும் யாரையும் ‘யார் செய்தது’ என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு மறுநாள் நேரம் இருக்கிறது.

செலவு. வெளியில் இரண்டு கேமராவோடு ஆள் வைத்தால் 35,000 ரூபாய் என்று மதிப்பீடு வந்திருக்கிறது. அது அநியாய விலை இல்லை. அனுபவமுள்ளவர்கள், கருவி கொண்டுவருகிறார்கள். நாமே செய்தால்: ஆடியோ இன்டர்ஃபேஸ் 4,200, கேப்சர் கார்டு 1,500, லேன் கேபிள் 700, இரண்டு ஸ்டாண்டு 2,400, டேப், பேட்டரி 300. மொத்தம் 9,100. இவை அடுத்த ஆண்டும் இருக்கும். ஆனால் செலவு குறைகிறது என்பதற்காக மட்டும் பிள்ளைகளிடம் கொடுக்காதீர்கள். மலிவாக வேலை வாங்கிவிட்டு, தவறினால் திட்டுவது போன முறை நாம் செய்தது. ‘தவறலாம், பரவாயில்லை’ என்று நமக்குத் தோன்றினால் பிள்ளைகளிடம் கொடுப்போம். தோன்றவில்லை என்றால் 35,000 கொடுத்துவிடுவோம். செயற்குழு டிசம்பர் முதல் ஞாயிறு முடிவு செய்கிறது. உங்கள் கருத்தை அதற்குள் எழுதிக் கொடுங்கள்.

குடியிருப்போருக்கும் ஒரு நாற்காலி உண்டு. நேரலை ஓடும்போது குறை இருந்தால் குரூப்பில் எழுதாதீர்கள். ஒரே ஒரு எண் தரப்படும், அதற்கு மட்டும் செய்தி அனுப்புங்கள்.

அந்த எண் என்னுடையது. பத்தாவது ஆள் நான்தான். கிளப் ஹவுஸில் உட்கார மாட்டேன். அங்கே இருந்தால் ஸ்பீக்கர் சத்தம்தான் காதில் விழும். பி பிளாக் பாட்டி பக்கத்தில் உட்கார்ந்து, வைஃபை இல்லாமல் என் சொந்த டேட்டாவில், இயர்ஃபோன் போட்டு, ஊரில் எல்லோரும் பார்ப்பதையே பார்ப்பேன். நேரலை எங்களுக்கு வந்துசேரச் சில நொடி தாமதமாகும். ஆனாலும் சத்தம் போனால் அரை நிமிடத்துக்குள் இயக்குநருக்குச் சொல்லிவிடுவேன். பாட்டியிடம் அனுமதி கேட்டாகிவிட்டது. காபி தருவதாகச் சொல்லியிருக்கிறார்.

இன்னொரு செய்தி. அந்தப் பெண்ணை இந்தக் கூட்டத்துக்கு அழைத்தேன். இயக்குநராக இருக்கிறாயா என்று கேட்டேன். ‘வேண்டாம் அங்கிள்’ என்றாள். நானும் விட்டுவிட்டேன். நேற்று மாலை லிஃப்டில் பார்த்தபோது அவளே சொன்னாள்: ‘சவுண்டுக்கு நான் வர்றேன். ஆனா சவுண்டுக்கு ஒரு ஆள் பத்தாது அங்கிள். மேடை மைக்குக்கு ஒருத்தர், லேப்டாப்புக்குப் போற ஒயருக்கு ஒருத்தர், ரெண்டு பேர் வேணும்.’ அவள் சொன்னது சரி. என் தாளைத் திருத்திவிட்டேன். இப்போது நாற்காலிகள் பதினொன்று.

பெயர் கொடுக்கும் தாள் செக்யூரிட்டி மேசையில் இருக்கிறது. நவம்பர் 30 வரை எழுதலாம். எட்டாம் வகுப்புக்கு மேல் யாரும் வரலாம், முன் அனுபவம் தேவையில்லை. பெயருக்கு எதிரே ஒரு வேலை மட்டும் எழுதுங்கள். இரண்டு எழுதினால் ஒன்றை நான் அடித்துவிடுவேன்.